வாடகை வீட்டுப் படுக்கையறை: எல்லாம் வாங்கியும் என் அறையாகத் தெரியவில்லை, உதவுங்கள்

வைகைக்கரை:
வணக்கம். சென்னை பெரம்பூரில் வாடகைக்கு இருக்கிறேன். படுக்கையறை 10க்கு 11 அடி. மேற்கே பார்த்த ஜன்னல், நாலடி அகலம். சுவரில் வெள்ளை டிஸ்டம்பர். புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

எட்டு வருடம் விடுதியிலும் தோழிகளோடு பகிர்ந்த அறைகளிலும் இருந்தேன். இப்போதுதான் முதல்முறையாக எனக்கென்று ஓர் அறை. ஆசை ஆசையாக, இணையத்தில் பார்த்த ஒரு படத்தில் இருந்தபடியே எல்லாம் வாங்கினேன். சாம்பல் நிற விரிப்பு, சாம்பல் திரை, வெள்ளைச் சட்டம் போட்ட ஆறு படங்கள், காய்ந்த புல் செருகிய ஜாடி என்று 14,000 ரூபாய் வரை போய்விட்டது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. ஆனால் இரவு விளக்கைப் போட்டதும் லாட்ஜில் தங்கியிருப்பது போலவே இருக்கிறது. மதுரையிலிருந்து வந்து பார்த்த அம்மா, "இதுல நீ எங்கடி இருக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

இன்னும் சில தொல்லைகளும் இருக்கின்றன. ஒட்டும் கொக்கியில் மாட்டிய படங்கள் இரண்டு முறை ராத்திரியில் விழுந்துவிட்டன. பாட்டி கொடுத்த பத்தமடைப் பாயை அழகுக்காகச் சுவரோரம் சாய்த்து வைத்தேன், அதில் கரும்புள்ளிகள் வந்துவிட்டன. கையில் இன்னும் 4,000 ரூபாய்தான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

சுண்ணாம்புச்சுவர்:
22 வருடமாகப் பெயின்ட் வேலை செய்கிறேன் தங்கச்சி. கொக்கி விழுவதற்குக் காரணம் சுவர்தான். விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாக மாவு ஒட்டும். டிஸ்டம்பர் அப்படித்தான் நாளாக ஆக உதிரும். கொக்கியின் பசை சுவரைப் பிடிப்பதில்லை, மேலே இருக்கும் அந்த மாவைத்தான் பிடிக்கிறது. பாரம் ஏறியதும் மாவோடு சேர்ந்து கழன்றுவிடும். எவ்வளவு விலை கொடுத்துக் கொக்கி வாங்கினாலும் இதே கதைதான். எமல்ஷன் அடித்த வழவழப்பான சுவர், டைல்ஸ், கண்ணாடி, பாலிஷ் போட்ட மரம் இவற்றில் நன்றாக நிற்கும். உங்கள் சுவரில் ஒட்டுவதை விட்டுவிடுங்கள்.

பாய் சாய்த்து வைத்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

வைகைக்கரை:
தேய்த்துப் பார்த்தேன் அண்ணா, விரலெல்லாம் வெள்ளை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

சுண்ணாம்புச்சுவர்:
அப்படியானால் ஓதம், அங்கிருந்து சுவரில் ஈரம் ஊறுகிறது. கீழ்ப்பகுதியில் உப்பு பூத்திருக்கும், பாருங்கள். அதன் மேல் பெயின்ட் அடித்தாலும் சில மாதங்களில் உரிந்துவிடும். குளியலறை டைல்ஸ் இடுக்கை அடைத்துத் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அது அவர் செய்ய வேண்டிய வேலை. அதுவரை அந்தச் சுவரை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். கட்டிலையும் நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள்.

பொருநைக்காரன்:
சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். பத்தமடைக்குப் பக்கத்து ஊர்தான், அதனால் பாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது கோரைப் புல். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் நிழலில், காற்றோட்டமாக இரண்டு நாள் விரித்துப் போடுங்கள். காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் கோரை ஓடும் திசையிலேயே தட்டிவிடுங்கள். குறுக்கே தேய்த்தால் இழை பிரியும். பிளீச் பக்கமே போகாதீர்கள், சாயம் போய்விடும். கொஞ்சம் கறை நின்றுவிடும், அது போகட்டும். பட்டுப் பாயா, சாதாப் பாயா? பட்டுப் பாய் என்றால் கோரையை மிக மெல்லிசாகக் கிழித்து நெய்திருப்பார்கள், துணி போல மடங்கும். மடங்குகிறதே என்று மடித்து வைக்க வேண்டாம், சுருட்டி வையுங்கள். சுவரில் சாத்துவதை விட அதில் படுத்துப் பாருங்கள். வெயில் காலத்தில் மெத்தையை விடச் சுகம்.

தாழ்வாரம்:
வீட்டு உள்ளலங்காரம்தான் என் தொழில். உங்கள் அம்மா கேட்ட கேள்வியை நானும் கேட்கிறேன். அந்த அறையில் தனியாக இருக்கும்போது என்ன செய்வீர்கள்? ஊரிலிருந்து எதையெல்லாம் விடாமல் தூக்கி வந்தீர்கள்? படத்தில் பார்த்ததை விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
யோசிக்க வைத்துவிட்டீர்கள். தூங்கும் முன் கோலம் வரைவேன், நோட்டில்தான். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்து போட்டு வைத்த கட்டம் போட்ட நோட்டுகள் மூன்று என்னிடம் இருக்கின்றன. புள்ளிக் கோலம், சிக்குக் கோலம் எல்லாம். அப்புறம் பாட்டியின் சுங்குடிச் சேலை, கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளி. கையால் முடிச்சுப் போட்ட அசல் சுங்குடி. ஒரு பழைய ட்ரங்குப் பெட்டி, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று, அசிங்கமாக இருக்கிறதே என்று துணி போட்டு மூடியிருக்கிறேன்.

தாழ்வாரம்:
கோலத்திலும் புள்ளி, சேலையிலும் புள்ளி. உங்கள் ரசனை பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது, நாம் அதை வெளியே எடுத்து வைத்தால் போதும். கருஞ்சிவப்பு, வெள்ளை, பீரோவின் பச்சை. இந்த மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவர் இதற்கு நன்றாகத் துணை நிற்கும்.

முதல் செலவு விளக்கு. இப்போது இருப்பது டியூப் லைட்தானே? பெட்டியில் 6500 கெல்வின், கூல் டேலைட் என்று போட்டிருக்கும். நீலம் கலந்த அந்த வெளிச்சத்தில் சிவப்பும் மரமும் செத்துப்போய்த் தெரியும். லாட்ஜ் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொன்னதில் பாதி இதனால் வருவது. டியூபைக் கழற்ற வேண்டாம், பெருக்கவும் தேடவும் அது வேண்டும். இரவுக்கென்று தனியாக 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட, மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு ஒன்று, மேசை விளக்கில் போட்டு, தலைமாட்டில் வையுங்கள். ட்ரங்குப் பெட்டியை வெளியே இழுத்து அந்த விளக்குக்கு மேசையாக்குங்கள். மூலையில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வையுங்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள்.

சேலையை இரண்டாக வெட்டித் தைத்தால் ஜன்னலுக்கு அருமையான திரையாகும்.

ஊசிநூல்:
வெட்ட வேண்டாம்! 30 வருடமாகத் தைக்கிறவள் சொல்கிறேன். மேற்கு ஜன்னலில் தினமும் மதியத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். பழைய பருத்தி அதைத் தாங்காது. நிறம் வெளுக்கும், அப்புறம் மடிப்பு மடிப்பாகக் கிழியும். கையால் முடிந்த சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு பெண் நகத்தால் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பாள். சேலை முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கும். இப்போது கடைகளில் வருவது பெரும்பாலும் அச்சு. போனால் திரும்ப வராது.

ஜன்னலுக்கு அந்த அச்சுச் சேலையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தரை மீட்டர் இருக்கும். முதலில் கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசி, காயவைத்து, பிறகு வெட்டுங்கள். சுருங்குவது முன்னாலேயே சுருங்கிவிடும். கம்பியிலிருந்து திரை ஐந்தரை அடி தொங்க வேண்டுமென்றால், மடிப்புத் தையலோடு 1.9 மீட்டர் வீதம் இரண்டு துண்டு. அகலம் 46 அங்குலம், இரண்டும் சேர்ந்து நாலடி ஜன்னலுக்கு ஏறக்குறைய இரட்டிப்புத் துணி, சுருக்கம் அழகாக விழும். பின்னால் வெள்ளை பாப்ளின் கொடுத்தால் வெயிலைத் தாங்கும். மீதி 1.7 மீட்டரில் இரண்டு தலையணை உறை வரும்.

பரண் இருக்கிறதா அந்த அறையில்?

வைகைக்கரை:
இருக்கிறது அக்கா. வடக்குச் சுவரில், 10 அடி நீளம், இரண்டடி உயரம், கதவு கிடையாது. அட்டைப்பெட்டிகள் எல்லாம் வெளியே தெரியும். மேலே இரண்டு மூலையிலும் முன்பு குடியிருந்தவர்கள் அடித்த ஆணி அப்படியே இருக்கிறது.

ஊசிநூல்:
அப்படியானால் பாட்டியின் சேலை அங்கேதான். பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியை அந்த இரண்டு ஆணிக்கும் நடுவே இழுத்துக் கட்டுங்கள். சேலையை நீளவாக்கில் பாதியாக மடித்துக் கம்பி மேல் போடுங்கள். 46 அங்குலம் பாதியானால் 23, இரண்டடிக்குச் சரியாக இருக்கும். 18 அடி நீளத்தைப் 10 அடிக்குள் சுருக்கினால் கொசுவம் மாதிரி விழும். கத்திரியும் வேண்டாம், தையலும் வேண்டாம். ஆணித் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூப் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் துருக்கறை பிடித்துவிடும், அது துவைத்தால் போகாது. அங்கே இருந்தால் சேலையில் நம் தலை எண்ணெயும் படாது, நேர் வெயிலும் படாது.

தாழ்வாரம்:
அக்கா சொல்வதுதான் சரி. வெயிலை நான் யோசிக்கவே இல்லை, என் யோசனையை விட்டுவிடுங்கள்.

கீழ்வீட்டுக்காரி:
பீரோ இரும்புதானே? காந்தம் ஒட்டுமே! கோலத்தை அதில் மாட்டலாம்.

வைகைக்கரை:
ஐயோ, இத்தனை நாள் அதைத் துணியால் மூடி வைத்திருந்தேனே!

தாழ்வாரம்:
அதேதான். கறுப்பு சார்ட் தாளில் வெள்ளை போஸ்டர் கலரால் நீங்களே வரையுங்கள். அம்மாவின் நோட்டுத் தாளைக் கிழிக்காதீர்கள், வேண்டுமானால் ஏ3 அளவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவுக்கு ஒரு கோலம் போதும், சுற்றிலும் பச்சை தெரியட்டும். சாம்பல் விரிப்பு இருந்துவிட்டுப் போகட்டும், சிவப்புத் தலையணை வந்ததும் அது அடங்கிவிடும்.

வைகைக்கரை (மூன்று வாரம் கழித்து):
செய்துவிட்டேன். அச்சுச் சுங்குடி, பாப்ளின், தையல் கூலி, மேசை விளக்கு, கம்பி, காந்தம், தாள் எல்லாம் சேர்த்து 3,100 ரூபாய். படங்களையும் புல் ஜாடியையும் ஒரு தோழி கேட்டு வாங்கிக்கொண்டாள். குளியலறை இடுக்கை அடைத்துத் தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

பொருநைக்காரன் அண்ணா, பாய் சாதாப் பாய்தான். கறை கொஞ்சம் நிற்கிறது. ஜன்னலோரம் விரித்து அதில் உட்கார்ந்துதான் இப்போது வரைகிறேன்.

அம்மா வீடியோவில் பார்த்தார். பீரோவில் இருக்கும் 15 புள்ளிக் கோலத்தில் இடப்பக்கம் ஒரு கோடு மாறிப் போயிருக்கிறது என்றார். நோட்டைப் பிரித்துப் பார்த்தேன், உண்மைதான். இன்று ராத்திரி புதுத் தாளில் மறுபடி போடப் போகிறேன்.