பிக்சல் போன்ல கிராஃபீன் ஓஎஸ் (கூகுள் ஆப் இல்லாம வர்ற, பாதுகாப்பைக் கூட்டுன ஆண்ட்ராய்டு) போட்டவங்க எங்க மாட்டினீங்க?

காட்பாடி_ஜங்ஷன்:
லாங்கு பஜார் பக்கம் வாங்குன பழைய பிக்சல். பில்ட் நம்பரை ஏழு தட்டு தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ள போனா, ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ (வேற ஓஎஸ் போட வழிவிடுற ஸ்விட்ச்) மங்கலா கிடக்குது, விரல் வெச்சா அசையல. ரீசெட் அடிச்சு நெட்ல விட்டும் அதேதான். அமெரிக்க கேரியர் (மொபைல் நெட்வொர்க் கம்பெனி) பூட்டி வித்த செட்டாம். காசு எண்றதுக்கு முன்னாடி கடையிலயே அந்த ஸ்விட்ச் நகருதான்னு பாத்துடுங்க.

மக்கன்பேடா_ஆற்காடு:
கிரீன் சர்க்கிள் டீக்கடை, பத்து ரூபா க்யூஆர், பின்னாடி நாலு பேர். பேங்க் ஆப் ‘உங்க போன் ரூட் ஆகியிருக்கு’ன்னு சொல்லி மூடிக்குது. ரூட்டே (ஓஎஸ்ஸோட முழு அதிகாரத்தையும் திறந்துவிடுறது) பண்ணல!

குடியாத்தம்_தறி:
ஓஎஸ் போட்டப்புறம் பூட்லோடரை (போனை ஆன் பண்ணதும் ஓஎஸ்ஸைக் கிளப்புற நிரல்) திரும்ப லாக் பண்ணியிருக்க மாட்டீங்க.

மக்கன்பேடா_ஆற்காடு:
லாக்லதான் இருக்கு சார். கூகுளோட ப்ளே இன்டெக்ரிட்டியில (இந்த போனை நம்பலாமான்னு ஆப்புக்குச் சொல்ற சோதனை) பேசிக் படி பாஸ் ஆகுது, டிவைஸ் படி பாஸ் ஆகாது. ரெண்டாவதைக் கேக்குற ஆப் எதுவும் திறக்காது. ஆப் செஞ்சவங்க நெனச்சா இந்த ஓஎஸ்ஸோட டிஜிட்டல் கையெழுத்துச் சாவியைத் தனியா அனுமதிக்கலாம், செய்யறதில்ல.

பாலாறு_மணல்:
தறி அண்ணே சொன்னது தப்புன்னாலும் லாக் விஷயம் முக்கியம். பிரவுசர்லேருந்தே ஓஎஸ்ஸை ஏத்துற வெப் இன்ஸ்டாலர் ஃபயர்பாக்ஸ்ல ஓடாது, குரோம் மாதிரி குரோமியம் வகை பிரவுசர் வேணும். இன்காக்னிட்டோ கூடாது. உபுண்டுல ஸ்னாப்பா (அதோட ஆப் பொட்டலம்) வந்த பிரவுசரும் உதவாது. ஹப் வழியா மாட்டாம கேபிளை நேரா கம்ப்யூட்டர்ல குத்துங்க. பாதியில நிக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் மட்டமான கேபிள்தான். அன்லாக் பண்ணும்போது ஒருதரம், லாக் பண்ணும்போது இன்னொருதரம், ரெண்டு முறையும் போன் மொத்தமா அழியும். அதனால லாக் போட்டப்புறம்தான் போட்டோவைத் திரும்ப ஏத்தணும். கடைசியா ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைச்சுடுங்க.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன்: பேங்க் ஆப்பையும் கூகுள் ப்ளே சர்வீசஸையும் அதே போன்ல தனி யூசர் கணக்குல போடுறவங்களுக்கு சிம் சரிபாக்குற எஸ்எம்எஸ் போகாம சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். ஓனர் கணக்குலேருந்து அந்த யூசருக்கு கால், எஸ்எம்எஸ் அனுமதி குடுக்கணும். வாங்குன அன்னைக்கே பேங்க் ஆப்பைத் திறந்து பாருங்க, டீக்கடையில நின்னுகிட்டு இல்ல. ஆப் மட்டும் க்ராஷ் ஆனா, ஆப் இன்ஃபோவுல ‘எக்ஸ்ப்ளாய்ட் ப்ரொடெக்ஷன் கம்பாட்டிபிலிட்டி மோட்’ (அந்த ஆப்புக்கு மட்டும் பாதுகாப்பைக் கொஞ்சம் தளர்த்துறது) போட்டுப் பாக்கலாம். இன்டெக்ரிட்டி தகராறுக்கு அது மருந்தில்ல.

காட்பாடி_ஜங்ஷன்:
அதெல்லாம் சரி, என் செட்டு?

பாலாறு_மணல்:
அது திறக்காது. ஏடிபி (கம்ப்யூட்டர்லேருந்து போனுக்குக் கட்டளை குடுக்குற கருவி) வழியா வேண்டாத ஆப்பைக் கழட்டிட்டு எஃப்-ட்ராய்டு (ஓப்பன் சோர்ஸ் ஆப் கடை) போட்டுக்குங்க. இல்ல, கடைக்காரர்கிட்டயே மாத்திக் கேளுங்க.