எலிசபெத்தின் கையில் காசு இல்லை

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘பர்மிய நாட்கள்’ (1934) படித்த பலரும் எலிசபெத்தைத் திமிர் பிடித்த வெள்ளைக்காரி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். திமிர் உண்டுதான். ஆனால் நாவலில் பணம் பேசப்படும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு மறுபடி படியுங்கள், வேறொரு பெண் தெரிவாள். அப்பா இல்லை. ஓவியம் என்று பாரிஸில் காலம் தள்ளிய அம்மாவும் இறந்துபோகிறாள். பர்மாவில் அப்பாவின் சகோதரர் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். அந்த மனிதரோ குடித்துவிட்டு அவள்மேலேயே கை வைக்கப் பார்க்கிறார். வெளியே சொல்லவும் முடியாது, இங்கிலாந்து திரும்பிப் பிழைக்கவும் வழியில்லை. தப்பிக்க அவளுக்கு இருப்பது கல்யாணம் ஒன்றுதான்.

அந்த வீட்டு அம்மாள் திருமதி லாக்கர்ஸ்டீனைக் கவனியுங்கள். மர வியாபாரி ஃப்ளோரி பர்மியப் பெண்ணை வைத்திருப்பது ஊரறிந்த சங்கதி. பிரபு வீட்டுப் பிள்ளையான லெப்டினன்ட் வெரலின் வருகை தெரிந்த பிறகுதான் அதை எலிசபெத்தின் காதில் போடுகிறாள். ஒழுக்கம் அதுவரை எங்கே இருந்தது? நல்ல வரன் அமையும்வரை பெட்டிக்குள் பூட்டியிருந்தது.

அந்தப் பர்மியப் பெண் மா ஹ்லா மேயை ஃப்ளோரி அவள் பெற்றோரிடம் 300 ரூபாய்க்கு வாங்கினான். எலிசபெத்தின் கணக்கு எழுதப்படுவது வேறு ஏட்டில்: அதிகாரிகளின் பதவியும் சம்பளமும் அச்சான சிவில் லிஸ்டில். இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. முதலாமவள் விலைமாதர் விடுதியில் போய்ச் சேர்கிறாள். மற்றவள் டெபுடி கமிஷனர் மக்கிரெகரைக் கட்டிக்கொண்டு, வேலைக்காரர்களை நடுங்கவைத்து, கீழ்நிலை அதிகாரிகளின் மனைவிகளை அவரவர் இடத்தில் உட்காரவைக்கிறாள்.

*

மேலே சொன்னதில் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். வெள்ளையர் எல்லோரும் ஒரே வர்க்கம் என்று எடுத்துக்கொள்வதுதான் வாசிப்பில் அடிக்கடி நேரும் தவறு. ஃபார்ஸ்டரின் ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் (1924) திருமதி பிளாக்கிஸ்டன் என்று ஒருத்தி வருகிறாள். சின்ன ரயில்வே உத்தியோகஸ்தனின் மனைவி; வெள்ளையர் கிளப்பில் யாரும் மதிப்பதில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த அடீலா, இந்திய டாக்டர் அஸீஸ் தன்னிடம் தகாத முறையில் நடந்தார் என்று குற்றம் சாட்டிய அன்று மாலை அதே பெண், பொன்னிறக் கூந்தலோடு கிளப்பில் தஞ்சம் புகுந்து நிற்கும்போது, உயிரைக் கொடுத்துக் காக்க வேண்டிய சின்னமாகிவிடுகிறாள். நேற்றுவரை நாற்காலி தராதவர்கள் இன்று அவளுக்காகத் துப்பாக்கி தூக்கத் தயார்.

அடீலாவுக்கு நேர்வது இதன் மறுபக்கம். குற்றம் சாட்டியிருக்கும்வரை தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். சாட்சிக் கூண்டில் நின்று, அஸீஸ் அதைச் செய்யவில்லை என்று உண்மையைச் சொன்னதும் கைவிட்டார்கள். நிச்சயித்த கல்யாணமும் நின்றது. அவளுடைய சொல்லுக்கு அங்கே ஒருநாளும் மதிப்பிருக்கவில்லை. அவள் மௌனமாக அடிபட்டவளாக இருப்பதுதான் தேவைப்பட்டது. இந்த இரண்டு பெண்களையும் சேர்த்து வாசிக்காமல் அந்த நாவலைப் பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

*

சாமர்செட் மாமின் ‘தி லெட்டர்’ கதையையும் இதோடு வையுங்கள். அதற்கு அடிப்படை நிஜ வழக்கு. 1911 ஏப்ரலில் கோலாலம்பூரில், விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் தலைமை ஆசிரியர் பங்களாவில், அங்கே குடியிருந்த ஆசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லாக், வில்லியம் ஸ்டூவர்டைச் சுட்டுக் கொன்றாள். ஜூரி இல்லாமல், நீதிபதியும், அவருக்கு ஆலோசனை சொல்லும் இரண்டு அசெஸர்களும் விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பளித்தார். மாம் கதையை சிங்கப்பூருக்குக் கொண்டுபோய், ஜூரியை வைத்து, எத்தலின் இடத்தில் வரும் லெஸ்லியை விடுவிக்கிறார்.

கதையில் செத்தவன் ஒரு சீனப் பெண்ணோடு வாழ்ந்தான் என்று தெரிந்ததுமே ஐரோப்பியர்களின் அனுதாபம் அவனை விட்டுப் போய்விடுகிறது, அவன் தன்னைப் பலாத்காரம் செய்ய வந்ததாக லெஸ்லி சொன்னதெல்லாம் உண்மையாகிவிடுகிறது. ஆனால் அன்று வரச்சொல்லி லெஸ்லி அவனுக்கு எழுதிய கடிதம் அந்தச் சீனப் பெண்ணின் கையில்தான் இருக்கிறது. விலை 10,000 டாலர். கொடுப்பவன் கணவன், அவன் சேர்த்ததெல்லாம் ஏறக்குறைய அதிலேயே போய்விடும். பேரத்துக்குத் துணைபோகிறவர் நேர்மைக்குப் பெயர்போன வக்கீல்.

இன்னொன்று: மேம்சாகிப்கள், அதாவது வெள்ளைக்கார மனைவிமார், கப்பலேறி வந்த பிறகுதான் இனத் துவேஷம் முற்றியது என்று பழைய புத்தகங்கள் சொல்லும். ‘பர்மிய நாட்க’ளில் எலிசபெத் ரயிலில் வந்து இறங்குவதற்கு முன்பே கிளப்பில் எல்லிஸ் என்ற வெள்ளைக்காரன் பர்மியர்மேலும் இந்தியர்மேலும் விஷம் கக்கிக்கொண்டிருக்கிறான். பக்கங்களைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.