ஜியோமேக் யாருடைய பொம்மை? சுவிஸ் என்று சொல்பவர்கள் உள்ளே வரவும்

காந்தப்பித்தன் (காலை 6.12)
நேற்று பொம்மைகள் இழையில் மலைக்கோட்டைவாசி ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்: "ஜியோமேக் சுவிஸ்காரன் கண்டுபிடிச்சது, அதான் அந்தத் தரம்." அதற்குப் பதினேழு லைக் வேறு. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

காந்தக் குச்சிகளையும் எஃகுக் குண்டுகளையும் ஒட்டி உருவங்கள் கட்டுகிற இந்தப் பொம்மையைக் கண்டுபிடித்தவர் கிளாவுதியோ விச்சென்டெல்லி, இத்தாலியர். காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1998-ல். முதலில் செய்து கொடுத்தது இத்தாலியின் சார்தீனியாத் தீவில் இருந்த பிளாஸ்ட்வுட் நிறுவனம். சுவிஸில் இருந்த ஜியோமேக் எஸ்.ஏ. அப்போது விற்பனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 2003-ல் இரண்டு தரப்பும் பிரிந்த பிறகுதான் சுவிஸில் சொந்தத் தயாரிப்பே தொடங்கியது. பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தியா?

மலைக்கோட்டைவாசி (காலை 7.40)
வணக்கம் பித்தன் சார். காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா? வீட்டில் பெட்டி இருந்தால் திருப்பிப் பாருங்கள். சுவிஸ் தயாரிப்பு என்று போட்டிருக்கும். தொழிற்சாலை டிச்சினோ மாநிலத்தில் நோவட்ஸானோவில் இருக்கிறது. காப்புரிமைத் தாளை வைத்துக்கொண்டா குழந்தை விளையாடுகிறது? குச்சியையும் குண்டையும் வைத்துத்தானே விளையாடுகிறது? அதைச் செய்கிறவன் சுவிஸ்காரன்.

காந்தப்பித்தன் (காலை 7.58)
நீங்கள் எழுதியது "கண்டுபிடிச்சது". "செய்கிறது" என்று எழுதவில்லை. நோவட்ஸானோ எங்கே இருக்கிறது என்றாவது பார்த்தீர்களா? இத்தாலி எல்லையை ஒட்டி. அங்கே பேசுவதே இத்தாலிய மொழி. விச்சென்டெல்லி இத்தாலியர். இத்தாலியர்.

தேன்மொழி (காலை 8.30)
ஒரு சந்தேகம் அண்ணா. ஒரு பொம்மை எந்த நாட்டுடையது என்று எதை வைத்துச் சொல்வது? கண்டுபிடித்தவர் பிறந்த நாடா, தொழிற்சாலை இருக்கிற நாடா, நிறுவனம் பதிவான நாடா? இதை முதலில் பேசிக்கொண்டால் சண்டையே வராதே.

மலைக்கோட்டைவாசி (காலை 8.41)
எல்லையை ஒட்டி இருந்தால் இத்தாலி ஆகிவிடுமா? களியக்காவிளையில் மலையாளம் பேசுகிறார்கள், அது கேரளாவா? சுவிஸ் என்றால் சுவிஸ்தான்.

காந்தப்பித்தன் (காலை 9.05)
நல்லது. போன மாதம் மெக்கானோ இழையில் இதே ஆள் என்ன சொன்னார் என்று எல்லோருக்கும் ஞாபகப்படுத்துகிறேன். துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டிக் கட்டுகிற பொம்மையான மெக்கானோவுக்கு பிரான்சில் கலே ஊரில் தொழிற்சாலை இருந்ததே, அது பிரெஞ்சுப் பொம்மை என்றும் சொல்லலாமே என்று நான் கேட்டேன். "லிவர்பூல்காரர் பிராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை வாங்கியது, எங்கே செய்தாலும் அது இங்கிலாந்துப் பொம்மைதான்" என்று அடித்துச் சொன்னீர்கள். அன்றைக்குக் காப்புரிமை பேசியது, இன்றைக்குப் பெட்டியின் முதுகு பேசுகிறதா?

மலைக்கோட்டைவாசி (காலை 9.20)
அது வேறு, இது வேறு. ஹார்ன்பி கண்டுபிடித்ததோடு நிற்காமல் தானே நிறுவனம் தொடங்கி ஊரிலேயே நடத்தினார். பழைய கணக்கை எல்லாம் மனசில் வைத்துக்கொண்டே இருந்தால் உடம்புக்கு ஆகாது சார்.

பாபநாசம் மூர்த்தி (காலை 10.15)
இரண்டு பேரும் எந்த நாடு என்று அடித்துக்கொள்கிறீர்கள். இந்தக் காந்தப் பொம்மைகளால் ஒரு குழந்தை செத்தது யாருக்கும் ஞாபகம் இல்லையா? 2005-ல், அமெரிக்காவில், 20 மாதக் குழந்தை. காந்தத்தை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய சதைக்கு ரத்த ஓட்டம் நின்று ஓட்டை விழும். என் அக்கா பேரனுக்கு ஒரு மலிவுப் பெட்டி வாங்கித் தந்தோம். இரண்டாவது நாள் குச்சியின் முனையில் காந்தம் இல்லை, வெறும் பள்ளம். அரை நாள் பாயை உதறி, கட்டிலை நகர்த்தித் தேடினோம். கடைசியில் பீரோ காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

காந்தப்பித்தன் (காலை 10.32)
மூர்த்தி சார், உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அந்தக் குழந்தை விஷயத்தில் வந்தது ஜியோமேக் இல்லை, அதே மாதிரியான மேக்னெட்டிக்ஸ் என்கிற வேறொரு காந்தப் பொம்மை. அமெரிக்காவின் ரோஸ் ஆர்ட் நிறுவனம் விற்றது. 2005-ல்தான் ரோஸ் ஆர்ட்டை கனடாவின் மெகா பிளாக்ஸ் வாங்கியிருந்தது. 2006 மார்ச்சில் சுமார் 38 லட்சம் பெட்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது, 2007 ஏப்ரலில் அது இன்னும் விரிந்தது. ஆபத்துகளை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்று 2009-ல் 11 லட்சம் டாலர் அபராதம். சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை ஆபத்தான பொம்மைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதி 2008-ல் புலிட்சர் என்கிற இதழியல் விருதை வாங்கியது. இதில் இத்தாலியர் எங்கே வந்தார்?

பாபநாசம் மூர்த்தி (காலை 10.50)
காந்தம் காந்தம்தான் தம்பி. விழுங்கினால் இத்தாலி காந்தம், சுவிஸ் காந்தம் என்று குடலுக்குத் தெரியுமா?

மலைக்கோட்டைவாசி (காலை 11.02)
சரியாகச் சொன்னீர்கள் மூர்த்தி சார். அதனால்தான் தரம் முக்கியம் என்கிறேன், அதனால்தான் சுவிஸ் என்கிறேன்.

காந்தப்பித்தன் (காலை 11.30)
தரம் சுவிஸில் இருந்து வந்ததா? அந்தக் குச்சியை அறுத்துப் பார்த்தவன் சொல்கிறேன். இரண்டு முனையிலும் நியோடிமியம் காந்தம், நடுவில் ஓர் இரும்புக் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை. கம்பி காந்தப் பாதையை இணைப்பதால் சின்னக் காந்தத்துக்கே பிடி பலமாக இருக்கிறது. குண்டு வெறும் எஃகு. அதனால் குச்சியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒட்டும். இந்த யோசனை முழுக்க விச்சென்டெல்லியின் காப்புரிமையில் இருந்து வந்தது. சுவிஸ்காரர் செய்தது அதை இயந்திரத்தில் ஓட்டியது.

தேன்மொழி (மதியம் 12.10)
என் பெண் 12 குச்சி, 8 குண்டு வைத்துக் கனசதுரம் செய்தால் தொட்டதும் சாய்ந்துவிடுகிறது. அதே 12 குச்சியும் 6 குண்டும் வைத்து எண்முகி செய்தால் கல் மாதிரி நிற்கிறது. ஏன் அண்ணா?

காந்தப்பித்தன் (மதியம் 12.25)
எண்முகியின் முகம் எல்லாம் முக்கோணம் அம்மா. முக்கோணம் நெளியாது, சதுரம் நெளியும். சதுரத்துக்குள் பிளாஸ்டிக் தகடு வைத்தால் நிற்கும். 30 குச்சி, 12 குண்டு இருந்தால் இருபதுமுகி செய்யச் சொல்லுங்கள், உள்ளங்கையில் வைத்து அழுத்தினாலும் தாங்கும்.

மலைக்கோட்டைவாசி (மதியம் 12.31)
தகடும் சுவிஸ் தயாரிப்புத்தான்.

காந்தப்பித்தன் (மதியம் 12.33)
குச்சி யாருடையது?

மலைக்கோட்டைவாசி (மதியம் 12.40)
உங்கள் சார்தீனியாக்காரர்கள் பிரிந்த பிறகு சூப்பர்மேக் என்று இன்னொன்று இறக்கினார்களே, அது இப்போது எத்தனை வீட்டில் இருக்கிறது? சுவிஸில் 2008-ல் ஜியோமேக்வேர்ல்ட் என்று புது நிறுவனம் எடுத்து நடத்தியதால்தான் பேரே பிழைத்தது. நிலைத்தவனுக்குத்தான் பேர்.

காந்தப்பித்தன் (மதியம் 12.58)
சூப்பர்மேக்கை இழுக்காதீர்கள், பேச்சு அதைப் பற்றியது இல்லை. நிலைத்தவனுக்குப் பேர் என்றால் மேக்னெட்டிக்ஸை விற்ற மெகா பிளாக்ஸ் நிறுவனத்தை 2014-ல் மேட்டல் என்கிற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் வாங்கியது, மேக்னெட்டிக்ஸ் மேட்டல் கண்டுபிடித்ததா? பதில் சொல்லுங்கள். 1998-ல் விண்ணப்பித்தது யார்?

பாபநாசம் மூர்த்தி (மதியம் 1.15)
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இதை வாங்கலாமா?

மலைக்கோட்டைவாசி (மதியம் 1.20)
வாங்கக்கூடாது சார், பெட்டியிலேயே போட்டிருக்கும். சுவிஸ்காரன் எல்லாம் தெளிவாகப் போட்டிருப்பான்.

காந்தப்பித்தன் (மதியம் 1.22)
1998-ல் விண்ணப்பித்தது யார் என்று கேட்டேன்.

மலைக்கோட்டைவாசி (மதியம் 2.05)
சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அதற்குள் பெட்டியைத் திருப்பிப் பார்த்து வையுங்கள்.

காந்தப்பித்தன் (மதியம் 2.06)
விச்சென்டெல்லி. இத்தாலியர். நீங்கள் சாப்பிட்டு வரும்வரை இங்கேதான் இருப்பேன்.