ஸ்பிரிங் பிரேக் முழுக்க வீட்டில்தான்: ஈஸ்டர் வரைக்கும் பிள்ளைகளோடு எப்படிக் கழிப்பது?

மிச்சிகன் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். இந்த 2026ஆம் வருடம் எங்கள் பள்ளி விடுமுறை, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் சரியாக விழுகிறது. மார்ச் 29 குருத்தோலை ஞாயிறு, ஏப்ரல் 5 ஈஸ்டர், நடுவில் திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி கிடையாது. கணவர் மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கிறார். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அதனால் நாங்கள் எங்கும் போகவில்லை.

மூத்தவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 6. மகளின் வகுப்பில் பலரும் ஃப்ளோரிடா போகிறார்கள். "நாம மட்டும் ஏன் சும்மா வீட்ல இருக்கோம்?" என்று இப்போதே கேட்கிறாள். எனக்கு இது சும்மா இருக்கும் வாரமாகத் தோன்றவில்லை. நான் ஊரில் வளர்ந்தபோது இந்தப் பெரிய வாரம் வந்தால் தெருவே அமைதியாகிவிடும், யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே வெளியே போனால் கண்ணில் படுவது முயல் பொம்மையும் சாக்லேட்டும்தான். மற்றதை வீட்டுக்குள் நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். பகலில் அப்பா தூங்க வேண்டும், சத்தம் கூடாது. வெளியே இன்னும் குளிர். ஏப்ரலில்கூடப் பனி கொட்டலாம். பெரிய வெள்ளியன்று ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) இருப்பேன் என்கிறாள் மகள், விடலாமா? சனி இரவு கோவிலில் நடக்கும் ஈஸ்டர் திருவிழிப்பு வழிபாட்டுக்குச் சின்னவனைக் கூட்டிப்போகலாமா? முட்டைக்கு என்றைக்குச் சாயம் போடுவது? உங்கள் வீட்டில் செய்ததைச் சொல்லுங்கள்.

மறைக்கல்வி அக்கா, டெக்சஸ்

தங்கச்சி, எனக்கு மூன்று பிள்ளைகள், எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள். பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். முதலில் ஒன்று சொல்கிறேன்: ஐந்து நாளையும் நிரப்ப முயலாதே. வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு வரைக்கும் திருச்சபையே ஒழுங்கு செய்து வைத்திருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன் பிள்ளைகளுடையவை. தாமதமாக எழட்டும், நூலகத்துக்குப் போங்கள், அப்பா தூங்கும் நேரத்தில் வீட்டை விட்டு வெளியே இருங்கள். வியாழன் மதியத்திலிருந்து வேகத்தைக் குறைத்துக்கொள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனியன்றே ஒரு வேலை தொடங்கிவிடு. அகலமான தட்டில் மண் பரப்பி, ஒரு சின்ன மண்தொட்டியைப் படுக்கவைத்துப் பாதி புதைத்தால் அதுதான் இயேசுவின் கல்லறை. வாசலுக்கு ஓர் உருண்டைக் கல், பின்னால் குச்சியில் மூன்று சிலுவைகள். மண்மேல் ரைகிராஸ் புல்விதையைத் தூவி, சன்னலோரம் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைவிடும், ஞாயிறன்று பச்சையாக நிற்கும். நம் ஊர் முளைப்பாரி மாதிரிதான். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைச் சின்னவனிடம் கொடு, அவனே தினமும் ஓடிப்போய்ப் பார்ப்பான். ஞாயிறு காலையில் கல்லைப் புரட்டுவதும் அவன்தான்.

வியாழன் அன்று, கணவர் வேலைக்குக் கிளம்பும் முன், இயேசு சீடர்களுக்குச் செய்தது போலப் பிள்ளைகளின் பாதங்களைக் கழுவட்டும். ஒரு பேசின், வெதுவெதுப்பான தண்ணீர், துண்டு, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்பா குனிந்து கழுவியதும் பிள்ளைகள் கூச்சத்தில் சிரிப்பார்கள், பிறகு தாங்களாகவே அமைதியாகிவிடுவார்கள். அன்று மாலைத் திருப்பலியில் "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாடலைப் பாடும்போது மணி ஒலிக்கும், அதற்கப்புறம் திருவிழிப்பு வரை மணியே கிடையாது. முடிந்ததும் பீடத்துணியை எடுத்து எல்லாவற்றையும் வெறுமையாக்குவார்கள். அதைப் பிள்ளைகள் இருந்து பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து நீங்களும் சாப்பாட்டு மேசை விரிப்பை எடுத்துவிடுங்கள், ஞாயிறு வரை வெறும் மேசைதான். வழியில் வானம் தெளிந்திருந்தால் நிலாவைக் காட்டு. ஈஸ்டர் தேதியே முழுநிலவை வைத்துத்தான் குறிக்கப்படுகிறது, அதனால் பெரிய வியாழன் எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். இந்த முறை அநேகமாக முழு நிலாவே. இயேசு பிடிபட்ட கெத்சமனித் தோட்டத்திலும் இதே மாதிரி வெளிச்சம்தான் இருந்திருக்கும் என்று சொல்லிப்பார், மகளுக்கு அது மனதில் நிற்கும்.

ஒருசந்திக்கு வருகிறேன். இங்குள்ள கத்தோலிக்க ஒழுங்குப்படி சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 வயதிலிருந்து, ஒருசந்தி 18 முதல் 59 வயது வரை. உன் மகளுக்கு இரண்டுமே கடமை இல்லை. ஆனால் அவளாகக் கேட்கிறாளே, அந்த ஆசையை அணைக்காதே. மூன்று வேளையும் எளிமையாகச் சாப்பிடட்டும், இடையில் நொறுக்குத்தீனி வேண்டாம், மூன்று மணி வரை திரையைத் தொடாமல் இருக்கட்டும். வளரும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. காலையில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் இருவரும் வரைந்து மாடிப்படி நெடுக ஒட்டட்டும். அப்பா தூங்கும் வீட்டுக்குச் சத்தமில்லாத வேலை. மதியம் ஒவ்வொரு படியாக நின்று செபித்துக்கொண்டே ஏறுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது சனிக்கிழமை. பலரும் அதை ஈஸ்டருக்கு முந்தைய நாள், கடைக்குப் போகும் நாள் என்று கடந்துவிடுகிறார்கள். பல ஊர்களில் முட்டை தேடும் விளையாட்டும் அன்றைக்குத்தான் வைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கோவிலில் நற்கருணை அப்பம் வைக்கும் பேழை திறந்து காலியாக இருக்கிறது, பகலில் திருப்பலி இல்லை. காத்திருப்பது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. நாங்கள் அன்று பகலில் டிவி போடமாட்டோம், பாட்டும் கிடையாது. வீட்டைப் பெருக்குவோம், துணி தேய்ப்போம், ஞாயிறுக்கு மாவு பிசைந்து வைப்போம். "ஈஸ்டர் வந்துவிட்டதா?" என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். "இன்னும் இல்லை" என்போம், வேறு விளக்கம் சொல்லமாட்டோம்.

திருவிழிப்புக்குக் கட்டாயம் கூட்டிப்போ. இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பது ஒழுங்கு. மிச்சிகனில் ஏப்ரல் முதல் வாரம் சூரியன் மறையவே எட்டு மணி ஆகிவிடும், ஆகவே மதியம் இருவரையும் தூங்கவை. வெளியே தீ மூட்டி, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியை ஏற்றுவார்கள். இருட்டான கோவிலுக்குள் அந்த ஒரு சுடர் நுழைந்து, பிறகு கைக்குக் கை மெழுகுதிரிகள் ஏறும். அதை ஆறு வயதில் பார்த்த பிள்ளை மறக்காது. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு வரை இருக்கும், நீளம்தான். படைப்பு, ஈசாக்கு, செங்கடல் மூன்று கதைகளையும் வாரத்தின் முதல் நாட்களிலேயே சொல்லிவைத்தால் காதில் விழும்போது தெரிந்த கதையாக இருக்கும். நடுவில் தூங்கினால் தூங்கட்டும். உன்னதங்களிலே தொடங்கி விளக்கெல்லாம் எரிந்து மணி அடிக்கும்போது மட்டும் எழுப்பிவிடு.

வண்ணக் கிண்ணம்

முட்டைக்கு என் பதில். புதன் அல்லது வியாழன் காலையில் சாயம் போடுங்கள், ஞாயிறுக்குச் சரியாக இருக்கும். அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். தோட்டத்தில் ஒளித்து வைக்கப் பிளாஸ்டிக் முட்டைதான் நல்லது.

அரை கப் கொதித்த தண்ணீர், ஒரு டீஸ்பூன் வினிகர், சில சொட்டு ஃபுட் கலர். வினிகர் இல்லாமல் நிறம் வெளிறித்தான் பிடிக்கும், புளிப்பு இருந்தால்தான் சாயம் ஓட்டில் ஒட்டும். அதிகம் விட்டாலும் ஓடு நுரைத்துக் கரையத் தொடங்கும். உங்கள் 11 வயதுப் பெண்ணுக்கு இயற்கைச் சாயம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வெங்காயத் தோலை அவித்த தண்ணீர் செம்பழுப்பு தரும், மஞ்சள்தூள் மஞ்சள். ஊதா முட்டைக்கோஸ் தண்ணீரில் வெள்ளை முட்டையை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிட்டால் காலையில் நீலமாக இருக்கும்! காரணத்தை அவளே கண்டுபிடிக்கட்டும்.

சி.எஸ்.ஐ. அப்பா, நியூ ஜெர்சி

அக்கா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். திருவிழிப்பு விஷயத்தில் மட்டும் வேறு யோசனை. கணவர் சனி இரவும் வேலைக்குப் போவார் என்றால், ஆறு வயதுப் பிள்ளையோடு நீங்கள் தனியாக இரவில் திரும்ப வேண்டும், அவருக்கோ ஒன்றும் கிடைக்காது. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை உண்டு, இருட்டில் போய் வெளிச்சத்தில் திரும்புவோம். உங்கள் பக்கம் அன்று சூரியன் ஏழு மணி வாக்கில் உதிக்கும். அவர் வேலை முடிந்து வரும் நேரமும் ஏறக்குறைய அதுதானே? தூங்கப் போகும் முன் நால்வரும் சேர்ந்து கல்லறைக் கல்லைப் புரட்டிச் செபித்தால் அவரும் பண்டிகைக்குள் வந்துவிடுவார். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) முழுக்க இரவு வேலை பார்த்த மனிதருக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்று: 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. விடுமுறையும் புனித வாரமும் சேர்ந்து வருவது உறுதியில்லை. கிடைத்த வருடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மிச்சிகன் அம்மா

மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. கணவரிடம் படித்துக் காட்டினேன். சனி இரவு வேலையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார், முடியாவிட்டால் விடியற்காலைத் திட்டம்தான். மாடிப்படியில் சிலுவைப்பாதை என்றதும் மகள் இன்றே காகிதம் வெட்டத் தொடங்கிவிட்டாள். புல்விதைத் தட்டோடு ஈஸ்டர் லில்லித் தொட்டி ஒன்றும் வாங்கிச் சன்னலோரம் வைக்கலாமா? எங்கள் பூனை அங்கேதான் படுத்திருக்கும்.

வண்ணக் கிண்ணம்

லில்லி வேண்டவே வேண்டாம்! பூனைக்கு அதன் இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே விஷம், சிறுநீரகம் செயலிழந்துவிடும். யாராவது பரிசாகக் கொடுத்தால்கூட வீட்டுக்குள் கொண்டுவராமல் கோவில் பீடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ரைகிராஸ் புல்லால் பயமில்லை, பூனை கடித்துத் தின்றுவிடாமல் தட்டை மட்டும் உயரமாக வையுங்கள்.