யோவேல் 2:25: "எனக்கு எப்போது?" என்று கேட்பவருக்கு என்ன சொல்வது?

மாலைத்தியானம்:
ஸ்தோத்திரம். எங்கள் வேதபாட வகுப்பில் அடுத்த பாடம், வெட்டுக்கிளி பட்சித்த வருஷங்களின் விளைவைத் திரும்ப அளிப்பேன் என்ற வாக்குத்தத்தம். வியாதியிலும் வேலையில்லாமலும் பல வருஷம் கழிந்த ஒருவர் "எனக்கு எப்போது?" என்று கேட்டால் என்ன பதில்? பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் இதே வசனத்தைச் சொல்லலாமா? வீட்டில் தனியாக ஜெபிக்க ஒரு முறையும் சொல்லுங்கள்.

களத்துமேடு:
25-ஐ மட்டும் தனியே எடுக்காதீங்க. 2:12-லிருந்து 27 வரை சத்தமா வாசிக்க வையுங்க. முதலில் உபவாசமும் அழுகையுமாய்த் திரும்புதல், 18-ல் கர்த்தருடைய இரக்கம், 23-ல் முன்மாரி பின்மாரி, 24-ல் களம் நிரம்புது. அதுக்கப்புறம்தான் 25. அந்த தேசத்தில் முன்மாரி உழவுக்கு மண்ணை இளக்கும், பல மாசம் கழிச்சு வரும் பின்மாரி கதிரை முற்ற வைக்கும். மழைக்கும் அறுப்புக்கும் நடுவில் உழவு, விதைப்பு, காத்திருப்பு எல்லாம் உண்டு. வேலை இழந்தவர் இன்னிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதும் விதைப்புதான்.

தேதி மட்டும் குறிச்சுக் கொடுக்காதீங்க. எரேமியா 28-ல் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி, பாபிலோன் சிறையிருப்பு இரண்டே வருஷம்தான்னு சொல்லி எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைச்சான், ஜனங்கள் பொய்யை நம்பினாங்க. 29-ல் சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பின நிருபம் 70 வருஷம் என்றது. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் 29:11-ஐ அட்டையில் எழுதி மாட்டுகிறோம், 5 முதல் 7 வரை விட்டுவிடுகிறோம்: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். சிறையிருப்பில் இருக்கும்போதே செய்யச் சொன்னவை அவை.

அஸ்திபாரம்:
இரண்டாவது கேள்விக்கு: சொல்லக் கூடாது. சொத்தையும் பிள்ளைகளையும் இழந்த யோபுவுக்குத் திரும்பக் கிடைத்ததை யோபு 42-ல் பாருங்கள். ஆடு 7,000 இருந்தது 14,000 ஆயிற்று, ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆயிற்று. பிள்ளைகளோ முன்போலவே 7 குமாரரும் 3 குமாரத்திகளும்தான். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது. அவர்களுக்குரிய நம்பிக்கை உயிர்த்தெழுதல்: 1 தெசலோனிக்கேயர் 4:13-14, வெளிப்படுத்தல் 21:4-5. மரித்த லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்தே இயேசு கண்ணீர் விட்டார். முதலில் கூட அழுங்கள், வசனம் பிறகு.

புதுப்பித்தலுக்கு எஸ்றா 3-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து எருசலேமுக்குத் திரும்பி வந்தவர்கள் ஏழாம் மாதத்தில் பலிபீடத்தைத்தான் முதலில் கட்டினார்கள், அப்போது ஆலயத்துக்கு அஸ்திபாரமே போடவில்லை. அஸ்திபாரம் போட்ட நாளில் பழைய ஆலயத்தைக் கண்ட முதியவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள். எது எந்தச் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. பிறகு எதிர்ப்பினால் வேலை நின்று, கி.மு. 520-ல் ஆகாய், சகரியா என்ற தீர்க்கதரிசிகள் பேசிய பின் மீண்டும் தொடங்கி, 515-ல் முடிந்தது. ஆகாய் 2:3-4-ல் கர்த்தர் அந்த ஏமாற்றத்தை மறுக்கவில்லை. இது உங்கள் பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறதல்லவா என்று அவரே கேட்டு, திடன்கொண்டு வேலையை நடத்துங்கள், நான் உங்களோடே இருக்கிறேன் என்கிறார். எனக்கு இது யோவேலைவிட நெருக்கமான வாக்குத்தத்தம்.

விடியற்காலம்:
ஜெபத்துக்கு சங்கீதம் 13 போதும், ஆறே வசனம். 1-2 முறையீடு, 3-4 விண்ணப்பம், 5-6 நம்பிக்கை. ஒரு நோட்டில் மூன்று பகுதி விட்டு, ஒவ்வொன்றிலும் தம் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதட்டும். விண்ணப்பத்தில் "எல்லாவற்றையும் சரியாக்கும்" என்று எழுதினால் பதில் வந்ததே தெரியாமல் போகும். "இன்று ராத்திரி தூக்கம் தாரும்" என்று குறிப்பாகக் கேட்கட்டும். பெரும்பாலும் தவறுவது, முறையீட்டைத் தாண்டி நேரே ஸ்தோத்திரத்துக்குப் போவது. துக்கம் உள்ளேயே தங்கிவிடும். தூக்கமும் சாப்பாடும் நாள்கணக்கில் இல்லையென்றால் டாக்டரிடமும் அழைத்துப் போங்கள்.

மாலைத்தியானம்:
நன்றி. மூன்றாம் பகுதி எழுத வராதவருக்கு?

விடியற்காலம்:
வெறுமையாக விடட்டும். சங்கீதம் 88 இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் ஜெபமாகவே நிற்கிறது. அந்த நாட்களில் வகுப்பில் வேறொருவர், கர்த்தருடைய இரக்கம் காலைதோறும் புதியது என்னும் புலம்பல் 3:22-23-ஐ அவருக்காக வாசிக்கலாம்.