போர்முனையிலிருந்து முகமறியாதவருக்கு: பழைய கடிதக் கட்டு கையில் கிடைத்தால்

உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குடும்பத்துக்கு எழுதிய கடிதமென்றால் எழுதியவர் யாரென்று வீட்டிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். முன்பின் தெரியாதவருக்கு எழுதியதில் அந்த வழி கிடையாது. சிப்பாயின் எண், படைப்பிரிவு, தணிக்கை முத்திரை எல்லாம் பெரும்பாலும் உறையில்தான் இருக்கும். பிரித்ததுமே உறைக்கும் கடிதத்துக்கும் ஓரத்தில் மென்மையான பென்சிலால் ஒரே எண்ணைப் போட்டுவிடுங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் தாங்கள் இருக்கும் ஊரை எழுதக் கூடாது. போர்க்களத்தில் இயங்கிய தபால் நிலையத்தின் முத்திரையிலும் பொதுவாக எண்தான் இருக்கும். அந்தத் தபால் நிலையம் படையோடு நகரும் என்பதால், எண்ணும் தேதியும் சேர்ந்தால்தான் இடம் பிடிபடும்.

---

பச்சை உறை இருந்தால் அதையும் கவனியுங்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்த தனி உறை அது. சாதாரணக் கடிதத்தைச் சிப்பாயின் சொந்த அதிகாரியே படிப்பார். பச்சை உறையில் போட்டால் அவர் படிக்கமாட்டார். பின்தளத்தில் யாராவது பிரித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். உள்ளே சொந்த விஷயம் மட்டுமே என்று சிப்பாய் உறைமேல் கையெழுத்திட வேண்டியிருந்தது. வறட்சியாக எழுதியவர் திடீரென மனம்விட்டு எழுதினால், காதல் என்று முடிவுகட்டுமுன் உறையின் நிறத்தைப் பாருங்கள்.

---

காகிதத்தை நிமிர்த்த ஈரத்துணி, நீராவி எதுவும் வேண்டவே வேண்டாம். அன்று பலர் எழுதியது காப்பியிங் பென்சிலில். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போலச் சாம்பலாகத் தெரியும். உள்ளே சாயம் இருக்கிறது. ஈரம் பட்டால் ஊதாவாகிப் பரவும், திரும்ப எடுக்க முடியாது. இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றிச் சில நாள் விடுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். பிவிசி உறையும் ஆகாது. அமிலமற்ற தாள் உறை போதும்.

---

பிரான்சில் 1915 முதல் ‘போர்க்கால ஞானத்தாய்’ என்றொரு ஏற்பாடு இருந்தது. சொந்த ஊர் ஜெர்மானியர் பிடியில் சிக்கியதால் வீட்டிலிருந்து கடிதமே வராத சிப்பாய்களுக்கு, அறிமுகமில்லாத பெண்கள் கடிதமும் பொட்டலமும் அனுப்பினார்கள். பிறகு பத்திரிகை விளம்பரம் வழியாகவும் பரவியது. ஒரே சிப்பாய் பலருக்கு எழுதியதும் உண்டு. முதல் கடிதத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பெற்ற தாயிடம் சொல்லத் தேவையில்லாத வயது, தொழில், சொந்த ஊர் எல்லாவற்றையும் அங்கேதான் எழுதியிருப்பார். தேதியில்லாத கடிதங்களைப் பொட்டலத்துக்குச் சொன்ன நன்றியை வைத்து வரிசைப்படுத்தலாம்: காலுறை கேட்ட கடிதம் முன்னே, கிடைத்தது என்ற கடிதம் பின்னே.