மறுமொழி: முப்புள்ளிக்கு மாற்றுச் சொல்

குழு நண்பர்களுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம். ஒரு பொருளின் மூன்று வடிவங்கள் சமநிலையில் சேர்ந்திருக்கும் ‘triple point’-ஐ முப்புள்ளி என்கிறோம்; அதற்கு மாற்றுச் சொல் தேடும் நம் பேச்சுக்கு இது என் பதில். நீரையே எடுத்துக்கொள்வோம்.

0.01 பாகை செல்சியஸ், சுமார் 611.7 பாஸ்கல் அழுத்தம். இந்த ஓர் இடத்தில்தான் ஐஸ், நீர், நீராவி மூன்றும் ஒரே கலத்தில் சமநிலையில் நிற்கும். வெப்பநிலையோ அழுத்தமோ சற்று விலகினாலும் மூன்றும் சேர்ந்திருக்க முடியாது. 1954 முதல் 2019 வரை வெப்பநிலையின் அலகான கெல்வினையே இதை வைத்துத்தான் வரையறுத்தார்கள்.

முப்புள்ளி எனக்கு ஒப்பவில்லை. அது ஆய்த எழுத்தின் பெயர். தியூசன் பிள்ளைகளோ வரைபடத்தில் மற்ற இரண்டு புள்ளிகளைத் தேடுகிறார்கள்.

குழுவில் அக்கா சொன்ன ‘முந்நிலைப் புள்ளி’ நல்ல சொல்தான். ஆனால் −22 பாகையில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2,070 மடங்கில், சாதாரண ஐஸும் ஐஸ்-3 என்ற வேறு படிக வடிவமும் நீரும் சேர்ந்திருக்கும். அதுவும் இதே வகைப் புள்ளி. அங்கே வாயு இல்லை. திடம், திரவம் என்று நிலை இரண்டுதான்.

ஐயா சொன்ன ‘முக்கூடல்’ அழகாக இருக்கிறது. ஆனால் ஆறுகள் கூடினால் கலந்து ஒன்றாகிவிடும். இங்கே மூன்றும் தனித்தனியாகவே நிற்கின்றன. திரவமும் வாயுவும் வேறுபாடு அழிந்து ஒன்றாவது நீருக்கு 374 பாகையில், சுமார் 218 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில். கூடல் என்ற சொல்லை அந்தப் புள்ளிக்கு எடுத்து வைக்கலாமே.

என் பரிந்துரை ‘முச்சந்திப் புள்ளி’. வெப்பநிலை–அழுத்த வரைபடத்தில் உருகல், ஆவியாதல், பதங்கமாதல் (திடம் நேரே வாயுவாவது) ஆகியவற்றின் கோடுகள் அங்கேதான் சந்திக்கின்றன. ஐஸ்-3க்கும் மூன்று கோடுகள்தான், அதனால் சொல் பிசகாது. சிம்பாங் தீகா (மலாயில் முச்சந்தி) தெரிந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படம் உடனே மனத்தில் விழும். அப்புறம் பதங்கமாதலையும் எளிதாக விளக்கலாம். உறையவைத்து உலர்த்திய டுரியான் இங்கே பாக்கெட்டில் கிடைக்கிறது. முச்சந்திக்குக் கீழான அழுத்தத்தில் பழத்திலுள்ள ஐஸ், நீராகாமல் நேரே ஆவியாகிவிடுகிறது. அதனால்தான் துண்டு சுருங்காமல் மொறுமொறுப்பாக இருக்கிறது.

தெருச் சொல் என்று தயங்க வேண்டாம். அலை கடற்கரைச் சொல். ஒளிக்கும் ஒலிக்கும் அதைத்தானே வைத்தோம்?

‘மும்மைப் புள்ளி’ பாடநூல்களில் ஏற்கெனவே இருப்பதால் அதை இணைச்சொல்லாகப் பட்டியலில் வைத்துவிடலாம். மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.